ஓரத்தில் எழுதிய ஒரு சொல்

(புதுச்சேரியில் மகளிர் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



பேசக் கூப்பிட்டவர்கள் தலைப்பையும் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்: கதையில் வரும் பெண்களும் கதை படிக்கும் பெண்களும். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது கஷ்டமான தலைப்பு இல்லை. சீதை, கண்ணகி, மணிமேகலை என்று வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசினால் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். எனக்கு இன்று அதில் மனசில்லை. என் ஆயாவிலிருந்து தொடங்குகிறேன்.

ஆயாவுக்குப் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம். கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான். ஆனால் பாரதம் முழுக்கத் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டது. துகிலுரியும் கூத்தன்று ஊர்ப் பெண்கள் சீக்கிரமே சோறாக்கி வைத்துவிட்டுப் பாயோடு வந்து முன்னால் இடம் பிடிப்பார்கள். திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆண். பகலில் அவர் வரப்பில் நடந்து போவதைப் பார்த்திருப்பார்கள். பீடி குடிப்பதைக்கூடப் பார்த்திருப்பார்கள். துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுக்கும் அந்த இடத்தில் இதெல்லாம் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. கற்பூரம் ஏற்றுவார்கள். கையெடுத்துக் கும்பிடுவார்கள். சிலருக்குச் சாமி வந்துவிடும்.

எனக்கு ஆறு வயசிருக்கும்போது ஆயா அந்தக் கதையைச் சொன்னாள். 'அவள இழுத்தாந்தான்', 'அவ அழுதா', 'அவ கேட்டா' என்று எல்லாம் அவள், அவள் என்றே போயிற்று. கடைசியில் இப்படிச் சொன்னாள்: "அவ்ளோ பெரிய சபையில அத்தினி பேரு குந்திகினு இருந்தாங்களே பாப்பா, நமக்காவ ஒருத்தனாவது வாயத் தொறந்தானா?"

நமக்காக! அன்றைக்கு அது என் காதில் விழுந்ததோடு சரி. பின்னாளில் ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது, உளப்பாட்டுத் தன்மைப் பன்மைக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். 'நாம்' என்றால் சொல்கிறவளும் உண்டு, கேட்கிறவளும் உண்டு. ஆயா அந்த ஒரு சொல்லில் திரௌபதியையும் தன்னையும், பக்கத்தில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த என்னையும் சேர்த்து அந்தச் சபையில் நிறுத்தியிருக்கிறாள்.

ஒரு பெண் கதையில் வரும் இன்னொருத்தியைப் பார்த்து 'இது நான்' என்று சொல்லும்போது என்னதான் நடக்கிறது என்பது அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

நம் ஊருக்கு வருவோம். பாரதி 1908இல் இங்கே வந்து 1918 வரை இருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் காலமான பிறகு, 1924இல். அவர் குடியிருந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. அந்தத் தெருவின் பெயர் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. தர்மராஜா கோயில் என்று நம் பக்கம் எதைச் சொல்வோம்? திரௌபதி அம்மன் கோயிலைத்தான். இதை வைத்து நான் ஆராய்ச்சி எதுவும் கட்டவில்லை. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் என் மனசில் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான்.

பாஞ்சாலிதான் பாரத மாதா, சபைதான் அடிமை நாடு என்று பாடநூல் சொல்லும். நானும் அப்படித்தான் நடத்தினேன். தப்பில்லை, மதிப்பெண் உண்டு. ஆனால் தேசத்தாய் என்று சொன்ன உடனே அவள் ஒரு படமாகிச் சுவரில் ஏறிவிடுகிறாள். என் ஆயாவுக்கு அவள் சுவரில் இல்லை, பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூத்தின் முடிவில் படுகளம் வரும். களிமண்ணால் படுத்த வாக்கில் பெரிய துரியோதனன் செய்து வைத்திருப்பார்கள். பீமன் அதன் தொடையில் அடிப்பான், செந்நீர் வரும், திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிப்பாள். பாரதியின் காவியம் சபதத்தோடு நின்றுவிடுகிறது. ஊர்ப் பெண்களுக்கு அது போதாது. அவிழ்ந்த கூந்தல் முடிவதையும் பார்த்தால்தான் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

பெண்ணுக்குக் கதாபாத்திரம் இரண்டு வழியில் வந்து சேருகிறது. ஒன்று, பெரியவர்கள் கொடுப்பது: 'அவளைப் போல இரு.' இன்னொன்று, அவளே எடுத்துக்கொள்வது: 'அவள் நான்தான்.' முதலாவதில் நம் புலவர்கள் கைதேர்ந்தவர்கள். நம்மூர்ப் பாவேந்தர் குடும்ப விளக்கில் தங்கம் என்று ஒருத்தியைப் படைத்தார். விடியுமுன் எழுகிறாள், வீட்டையும் மாமனார் மாமியாரையும் பிள்ளைகளையும் கவனிக்கிறாள், ராத்திரி படுக்கப் போகும்போது நாட்டுக்கும் தமிழுக்கும் இன்று என்ன செய்தோம் என்று கவலையும் படுகிறாள். அழகான நூல், நடத்துவதற்கும் சுகமானது. ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், தங்கத்துக்கு ஒரு நாள்கூட தலைவலி வராதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணின் அம்மா அந்த மாதம் ஜிப்மரில் படுத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் சமைத்துத் தம்பிகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த பெண் கேட்ட கேள்வி அது.

என் அனுபவத்தில், 'நான் தங்கம்' என்று சொன்ன பெண்ணை நான் சந்தித்ததில்லை. 'என் மருமகள் தங்கம் மாதிரி' என்று சொன்ன மாமனார்களைச் சந்தித்திருக்கிறேன். பாவேந்தர்மீது குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' எழுதி, குப்பனை வாதத்தில் மடக்கும் வஞ்சியைக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் கல்யாண வீட்டில் பரிசாகக் கொடுக்க எந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

இனி பிரான்சுக்கு. நம் ஊரில் பேசும்போது அங்கே ஒரு நடை போய் வராவிட்டால் எப்படி?

1856இன் கடைசியில் குஸ்தாவ் ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி'யைப் பாரீஸ் பத்திரிகை ஒன்றில் தொடராக வெளியிட்டார். நாவல் படித்து நாவலாகவே வாழ ஆசைப்பட்டுச் சீரழியும் ஒரு வைத்தியர் மனைவியின் கதை. ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்டார்கள். 1857 பிப்ரவரியில் விடுதலையானார். அந்தத் தொடரைப் படித்துவிட்டு ஆன்ஜே நகரத்திலிருந்து ஒரு பெண் அவருக்குக் கடிதம் எழுதினாள். பெயர் மரி-சோஃபி லெருவாயே த ஷாந்தபி. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், கணவனும் இல்லை காதலனும் இல்லை. எம்மா பொவாரிக்கும் இவளுக்கும் வெளிப்பார்வைக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் இந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியும் என்றும், இவள் கஷ்டத்தைத் தானும் பட்டதாகவும் எழுதினாள். ஃப்ளோபேர் என்ன பதில் போட்டார் தெரியுமா? இதில் உண்மை எதுவும் இல்லை, முழுக்கக் கற்பனை என்று.

இதே ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி நான்தான்' என்று சொன்னதாக ஒரு வாசகம் உலகமெல்லாம் சுற்றுகிறது. நம் மேடைகளிலும் சொல்வார்கள். அவர் எழுதியவற்றில் அப்படி ஒரு வரி எங்கும் கிடையாது, யாரோ யாரிடமோ கேட்டதாக வந்த பேச்சு. நிஜமாகவே கடிதம் எழுதி 'அவள் நான்' என்ற அர்த்தத்தில் சொன்னது அந்த ஆன்ஜே பெண்தான். ஆண் சொல்லாதது மேற்கோளாகிவிட்டது. பெண் சொன்னது கடிதக் கட்டில் கிடக்கிறது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஃப்ளோபேர் அவளை உதறிவிடவில்லை. வருஷக்கணக்கில் இருவரும் எழுதிக்கொண்டார்கள். ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

கதையில் தன்னைக் காண்பதற்குப் பிரெஞ்சில் ஒரு வியாதிப் பெயரே வைத்தார்கள். 1892இல் ழூல் த கோல்த்தியே என்பவர் 'பொவாரிஸ்ம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். தன்னைத் தான் அல்லாத ஒன்றாக நினைத்துக்கொள்ளும் கோளாறு. நம் ஊரில் கதாநாயகன் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிற பையன்களுக்கு இன்னும் வியாதிப் பெயர் வைக்கவில்லை. அது ரசிகர் மன்றம். பெண் கதை படித்தால்தான் கோளாறு. வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல் எழுதினார், 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தினார். அந்தக் கதைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்த பாட்டிகள் தமிழ்நாடெங்கும் உண்டு. படித்தால் கெட்டுப்போவாய் என்று வீட்டில் திட்டு.

சிமோன் த பொவ்வார் தன் வரலாற்றின் முதல் நூலில், 1958இல், சிறுவயதில் 'லிட்டில் விமன்' படித்து ஜோ என்ற பெண்ணில் தன்னைக் கண்டதை எழுதியிருக்கிறார். ஜோவுக்குப் புத்தகம் பிடிக்கும், வீட்டு வேலை பிடிக்காது. பாரதி புதுச்சேரிக்கு வந்த அதே 1908இல் பாரீஸில் பிறந்த குழந்தை, ஓர் அமெரிக்கக் கதையில் தனக்கு அனுமதிச் சீட்டு கண்டெடுத்தது. அது நல்ல வகை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கதையும் வாழ்க்கையும் ஒட்டாமல் போகிற இடம்.

அதை எனக்குக் காட்டியவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாள், கல்லூரிப் பெண், காரில் வந்த ஒருவன். வீட்டுக்கு வந்து அழுகிற மகளைத் தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். பெரிய சண்டையே நடந்தது அந்தக் கதைக்கு. அதற்குப் பின்னால்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு. 1977இல் பீம்சிங் படமாக எடுத்து, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த நாவலின் அமைப்பை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.

நாவலில் கங்கா ஒரு பத்திரிகைக் கதையைப் படிக்கிறாள். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியது. அது இந்த 'அக்கினிப் பிரவேசம்'தான். படிக்கப் படிக்கத் தெரிகிறது, இது என் கதை. மழை நான் நனைந்தது, கார் நான் ஏறியது. ஆனால் கதையில் அம்மா தண்ணீர் ஊற்றி மூடிவிட்டாள். கங்காவின் அம்மாவோ அலறி ஊரைக் கூட்டினாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தினான். ஒரு குடம் தண்ணீர்தான் வித்தியாசம். அந்த ஒரு குடத்தில் கதைப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது, இவளுக்கு வேறு வாழ்க்கை.

தமிழில் வாசகி ஒருத்தியை இவ்வளவு சரியாக எழுதியவர் வேறு யாரும் இல்லை என்பது என் துணிபு. கங்கா கதையில் தன்னைப் பார்த்து ஆறுதல் அடையவில்லை. கணக்குக் கேட்கிறாள். அவள் அம்மா செய்ததை என் அம்மா ஏன் செய்யவில்லை? என் ஆயா கேட்டதும் இதே மாதிரிதான். அங்கே கடைசியில் கிருஷ்ணன் புடவை கொடுத்தான். இங்கே?

பீம்சிங்கின் அந்தப் படம் வந்தபோது எனக்கு இருபது வயசு. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1974இல், வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண்ணின் கதையாகப் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'. என் அத்தை ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். அவள் சம்பளத்தில் ஏழு பேர் சாப்பிட்டோம், நானும் அதில் ஒருத்தி. படம் பார்த்துவிட்டு வந்து அத்தை அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் எட்டரை மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என் அப்பாவிடம், "அண்ணே, அந்தப் பொண்ணும் கடைசியில வேலைக்குத்தான் போறா" என்றாள். அப்பா பேப்பரைக் கீழே வைக்கவில்லை. அத்தைக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. அவள் வாங்கிக் கொடுத்த சிங்கர் மெஷின் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பிறகு சீரியல் காலம். படித்தவர்கள் சீரியல் என்றாலே மூக்கைச் சுளிப்பது வழக்கம், நானும் சுளித்தவள்தான். 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' ஓடியது. காலையில் ஆசிரியைகள் அறையில் முதல் பேச்சே அதன் நாயகி அபிதான். நடித்த தேவயானியின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். அபி இப்படிச் செய்திருக்கக் கூடாது, அபி ஏன் பொறுத்துப் போகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவது போல. கணவனைப் பிரிந்திருந்த ஒரு டீச்சர் மட்டும் அந்தப் பேச்சில் சேரவே மாட்டார். பார்க்க மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் விடைத்தாள் திருத்தும்போது, தலையைத் தூக்காமலே சொன்னார்: "அபிக்கு ஒரு தொல்காப்பியன் இருந்தான் டீச்சர்." அபியின் நண்பனாக வரும் பாத்திரத்தின் பெயர் அது. தமிழாசிரியைக்கு அந்தப் பெயரைச் சீரியலில் கேட்டதும் சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

காரைக்காலைச் சொல்லாமல் விட்டால் நம் யூனியன் பிரதேசத்துக்குத் துரோகம். ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டி அங்கே மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். புனிதவதி என்ற காரைக்கால் அம்மையார் யார்? இந்த அழகு வேண்டாம், இந்த உடம்பு வேண்டாம் என்று உதறிப் பேய் உருவம் கேட்டு வாங்கியவர். அவரிடமா பிள்ளை வரம் என்று எனக்கு நெடுநாள் வியப்பு. ஒரு வருஷம் கூட்டத்தில் நின்ற அம்மா ஒருவர் எனக்கு விளக்கினார். அவருக்குப் பேய் உருவமெல்லாம் முக்கியமில்லை, அந்த மாம்பழம்தான் முக்கியம். கணவன் கொடுத்தனுப்பிய பழம் இரண்டு. ஒன்றை வந்த அடியாருக்குக் கொடுத்தாயிற்று. மற்றதைத் தின்றவன் 'நன்றாக இருக்கிறது, இன்னொன்றையும் கொண்டு வா' என்கிறான். "அப்போ புனிதவதிக்கு வயித்தைப் பிசைஞ்சிருக்கும்ல? எனக்குத் தெரியும் அது" என்றார் அந்த அம்மா. தன் வீட்டு அடுக்களையில் தானாக ஒரு பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பயம். சேக்கிழாரில் அந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! வயிறு பிசைவது எனக்குத் தெரியவில்லை.

பெயர் விஷயம் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டில் வானதியும் பூங்குழலியும் குந்தவையும் ஏறினார்கள். இதே பெயர் கொண்ட பெண்களிடம் நாவலில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி நந்தினி என்பார்கள். படம் வந்த 2022இலும் அப்படித்தான். அப்பா வைத்த பெயர் ஒன்று, தானே ஏற்றுக்கொண்ட பெயர் வேறு.

கடைசியாக என் அம்மா. தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைக்கும் பழக்கம் அந்தக் காலத்துப் பெண்கள் பலருக்கும் இருந்தது. அம்மா வைத்திருந்தது பதினொரு பைண்டு. அவள் போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் ஓரத்தில் பால் கணக்கும் சீட்டுப் பணக் கணக்கும்தான். ஒரு தொடர்கதையில், ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வரும் கணவனின் காலில் கதாநாயகி விழுந்து அழுகிற அத்தியாயம். எழுதியவர் பெயர் வேண்டாம். அந்தப் பத்திக்கு நேராக அம்மா பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறாள்: 'பொய்.'

என் அப்பா எங்கும் போனவர் இல்லை. மாதம் முதல் தேதி சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தவர். அப்புறம் ஏன் அந்தச் சொல்? அழுத்தி எழுதியதில் பின்பக்கம் வரைக்கும் தடம் விழுந்திருக்கிறது. கேட்பதற்கு அம்மா இல்லை.

அந்தப் பதினொன்றில் ஏழு பைண்டை அதற்கு முன்பே, பார்க்காமல், எடைக்குப் போட்டிருந்தேன். கிலோ எட்டு ரூபாய். உங்கள் வீட்டுப் பரணிலும் அம்மாவுடையதோ பாட்டியுடையதோ இப்படி ஏதாவது கிடக்கும். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை ஓரங்களைப் புரட்டிப் பாருங்கள்.